காஞ்சனை: புதுமைப்பித்தன் கதையில் கோதிக் கூறுகள்

‘காஞ்சனை’ புதுமைப்பித்தன் எழுதிய சிறுகதை. 1943-இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு வந்த அவருடைய கதைத் தொகுப்பு ஒன்றும் இக்கதையின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. தமிழில் பேய்க்கதை என்றதும் இலக்கிய வாசகர்கள் முதலில் சொல்லும் பெயர் இதுதான். இன்றைய மாணவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் 2011-இல் வந்த திரைப்படம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. படத்துக்கும் கதைக்கும் பெயரைத் தவிர உறவில்லை.

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் எட்கர் ஆலன் போவின் கதை ஒன்றை எடுத்து அதில் உள்ள கோதிக் கூறுகளைக் கண்டு எழுதுவது வழக்கமான பயிற்சி. பாழடைந்த மாளிகை, இருள், நோயாளியான நாயகன், உயிரோடு புதைக்கப்பட்ட பெண் என ஒவ்வொன்றாகக் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதே பயிற்சியைக் ‘காஞ்சனை’யில் செய்து பார்த்தால் பட்டியலில் பாதி பொருந்தாது. பொருந்தாத அந்தப் பாதியில்தான் கதையின் உயிர் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கோதிக் என்ற சொல்

கோத் என்பது பழைய ஜெர்மானிய இனக்குழு ஒன்றின் பெயர். பிற்காலத்தில் ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடக் கலைக்கு அப்பெயர் இடப்பட்டது. ஹொரேஸ் வால்போல் 1764-இல் ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்ற நாவலைத் தன் பெயர் போடாமல், பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார். மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அதைக் ‘கோதிக் கதை’ என்று அழைத்தார். கோட்டை, சுரங்கவழி, பழைய பாவம், குலச்சாபம் என்ற சட்டகம் அங்கிருந்து வருகிறது. மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ (1818), போவின் ‘அஷர் குடும்பத்தின் வீழ்ச்சி’ (1839), ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ (1872), பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) ஆகியவை இந்த வரிசையின் முக்கியப் படைப்புகள்.

புதுமைப்பித்தனுக்கு இந்த உலகம் அந்நியமல்ல. சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அவர் (1906–1948) பிறமொழிக் கதைகளை ஏராளமாகத் தமிழாக்கியவர். ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தவரும் அவரே. அந்தத் தலைப்பையே பாருங்கள். விஞ்ஞானியின் பெயரை விட்டுவிட்டு, அவன் படைத்த உருவத்தைத் தலைப்பாக்கியிருக்கிறார். அந்த நாவலில் தமக்கு முக்கியம் எது என்று அவர் முடிவு செய்திருந்தார் என்றே அதை வாசிக்கலாம்.

கதை

கதைசொல்லி ஓர் எழுத்தாளன். பத்திரிகைகளுக்குக் கதை எழுதிப் பிழைப்பவன். ஓர் இரவு அவனுக்குக் காரணமில்லாமல் தூக்கம் வரவில்லை. பிணம் எரிவது போன்ற நாற்றமும், ஊதுவத்தியை நினைவூட்டும் வாசனையும் அறைக்குள் வந்து போகின்றன. அவன் மனைவியும் அதை உணர்கிறாள். மறுநாள் ஒரு பிச்சைக்காரி வாசலுக்கு வருகிறாள். பார்த்த கணமே அவனுக்கு அச்சம். மனைவியோ அவளோடு பேசி, இரக்கப்பட்டு, வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பெயர் காஞ்சனை.

அவள் மனைவிக்குக் கதைகள் சொல்கிறாள். கதைசொல்லி அஞ்சி அஞ்சி அவளைக் கவனிக்கிறான். ஓர் இரவில் மனைவியின் கழுத்தில் ஏதோ கடித்தது போலிருக்கிறது. பார்த்தால் ஊசிமுனை அளவு ரத்தம். காஞ்சனையைக் காணவில்லை. பின்பு நள்ளிரவில் மயான சம்பந்தமுள்ள ஒரு பரதேசி தெருவழியே வந்து, கதைசொல்லியிடம் திருநீறு கொடுத்து, காஞ்சனை இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். கதைசொல்லி விடியும்வரை குழம்பிக் கிடக்கிறான். கதை அங்கே முடிகிறது.

வாசற்படி

கோதிக் கதையின் முதல் கூறு இடம். ‘அஷர்’ கதையின் முதல் பத்தியிலேயே வீடு நம் மேல் கவிந்துவிடுகிறது. வாசகன் உள்ளே போகும் முன்பே அவ்வீட்டில் கேடு இருக்கிறது. ‘காஞ்சனை’யில் வீட்டுக்கு எந்தக் கேடும் இல்லை. சென்ற தலைமுறையின் பாவம் ஏதும் அதன் சுவரில் ஒட்டியிருக்கவில்லை. கணவன், மனைவி, அடுப்படி, தெருவைப் பார்த்த வாசல். நடுத்தரக் குடும்பம் ஒன்று குடியிருக்கும் சாதாரண நகரத்து வீடு, அவ்வளவுதான். கேடு வெளியிலிருந்து வருகிறது. அதுவும் சுவரைத் துளைத்து வரவில்லை. அழைத்ததால் வருகிறது.

இந்த இடத்தில் ‘கார்மில்லா’வை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதிலும் ஓர் அந்நியப் பெண் விருந்தாளியாக வீட்டுக்குள் வருகிறாள். வீட்டுப் பெண்ணோடு நெருங்குகிறாள். கழுத்துக்குக் கீழே ஊசி குத்தியது போன்ற வலி. பிறகுதான் அவள் பழைய பிரபுக் குடும்பத்தின் மிர்கல்லா என்று தெரிய வருகிறது. பொருத்தம் வியப்பளிக்கத்தான் செய்கிறது. ஆனால் பொருத்தத்தை மட்டும் கொண்டு தழுவல் என்று தீர்ப்பெழுதுவது நம் விமர்சனத்தின் பழைய நோய். இதைவிட நெருங்கிய உறவு நம்மிடமே இருக்கிறது.

பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்வோம். தன்னைக் கொன்ற கணவனைத் தேடி வரும் நீலி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவன் அலறுகிறான், இவள் பேய் என்கிறான். வேளாளர் எழுபது பேர் அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று சொல்லி இருவரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். பழையனூர் எங்கோ இல்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து பேசின் பிரிட்ஜ் வந்து அரக்கோணம் ரயில் ஏறினால் திருவாலங்காட்டில் இறங்கிப் போய்விடலாம். காரைக்கால் அம்மையார் பேய்களின் நடுவே ஆடும் சிவனைப் பாடிய தலமும் அதே திருவாலங்காடுதான்.

நீலி கதையிலும் ‘காஞ்சனை’யிலும் ஆணுக்கு மட்டும் பேய் தெரிகிறது. மற்றவர்கள் இரக்கத்தினாலும் நியாய உணர்வினாலும் அதை உள்ளே விடுகிறார்கள். ஆனால் நீலி பழி தீர்க்க வந்தவள். அவளுக்குக் கணக்கு இருக்கிறது. காஞ்சனைக்கு அப்படி ஒரு கணக்கும் சொல்லப்படவில்லை. கதைசொல்லி அவளுக்கு ஒரு தீங்கும் செய்தவனில்லை. காரணம் இல்லாத வருகை என்பதால்தான் இவள் நீலியைவிட அதிகமாகப் பயமுறுத்துகிறாள்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் பேய்க்கு இடம் சுடுகாடு. ‘மணிமேகலை’யின் சக்கரவாளக் கோட்டத்தில் சார்ங்கலன் என்ற இளைஞன் சுடுகாட்டில் பேயின் ஆட்டத்தைக் கண்டு அஞ்சி உயிர் விடுகிறான். கலிங்கத்துப்பரணியின் பேய்கள் பாலைக் காட்டிலும் போர்க்களத்திலும் இருக்கின்றன. அங்கே போனவன் பார்ப்பான், போகாதவன் தப்பினான். புதுமைப்பித்தன் அந்தச் சுடுகாட்டு நாற்றத்தைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்தார். தமிழ்ப் பேய் வெளியிலிருந்து வீட்டுக்குள் குடிவந்த நிகழ்ச்சி என்று இக்கதையைச் சொல்லலாம். ஃபிராய்ட் 1919-இல் எழுதிய கட்டுரையில் அமானுஷ்ய அச்சத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல், ‘வீட்டுக்குரியது’ என்ற சொல்லின் எதிர்மறை என்பதிலிருந்து தொடங்குகிறார். பழகிய வீடே பழகாததாகத் தோன்றுவதுதான் அந்த அச்சம். ‘காஞ்சனை’க்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேண்டியதில்லை.

நாற்றம்

கோதிக் கதைகள் பெரும்பாலும் கண்ணையும் காதையும் நம்பியவை. நிழல், மின்னல், கதவின் கிறீச்சிடல், தரைக்கு அடியிலிருந்து கேட்கும் இதயத் துடிப்பு. புதுமைப்பித்தன் மூக்கிலிருந்து தொடங்குகிறார். கண்ணை மூடலாம், காதைப் பொத்தலாம். மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

வடசென்னை வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொடுங்கையூர்க் குப்பைமேடு புகையும் நாளில் கொருக்குப்பேட்டையில் ஜன்னலைச் சாத்தியவர்களுக்கு, நாற்றம் என்பது அனுமதி கேட்காமல் வீட்டுக்குள் வரும் ஒன்று என்று தெரியும். மூலக்கொத்தளம் சுடுகாடும் அருகில்தான். பிணம் எரியும் வாடை இங்கே கற்பனையில் வருவதல்ல. ‘காஞ்சனை’யின் கதைசொல்லியும் முதலில் இப்படித்தான் ஒரு சாதாரண விளக்கத்தைத் தேடுகிறான். அந்த விளக்கம் போதுமானதாகவும் இருக்கிறது. போதுமானதாக இருந்தும் அவனுக்கு நிம்மதி வராததுதான் கதை.

மணமும் நாற்றமும் ஒன்றாக வருவதையும் கவனிக்க வேண்டும். பிண வாடை மட்டும் என்றால் அது வெறும் திகில். ஊதுவத்தி வாசனையும் சேரும்போது பூசையறையும் சாவு வீடும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. நம் வீடுகளில் இந்த இரண்டுக்கும் ஒரே ஊதுவத்திதான். பழைய தமிழில் ‘நாற்றம்’ என்ற சொல்லே நறுமணத்தைக் குறித்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சொல்பவன்

இலக்கியக் கூறுகளில் ‘காஞ்சனை’யில் மிகவும் செழிப்பானது கதைசொல்லி என்ற கூறுதான். போவின் ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ கதையின் கதைசொல்லி தனக்குப் பைத்தியம் இல்லை என்று அடித்துச் சொல்கிறான். அவன் சொல்லச் சொல்ல நாம் அவனை நம்பாமல் போகிறோம். ‘காஞ்சனை’யின் கதைசொல்லி நேர்மாறாகத் தொடங்குகிறான். தன் தொழிலே பொய் சொல்வது, உலகம் ஏற்றுக்கொண்ட பொய்யை விற்றுப் பிழைப்பவன் நான் என்று கேலியோடு அறிமுகம் செய்துகொள்கிறான். கடவுளையும் தர்மத்தையும்கூட அந்தப் பொய்களின் வரிசையிலேயே நிறுத்துகிறான்.

இந்தக் கேலி அலங்காரமல்ல. பொய்யன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன் பேயைப் பார்த்தேன் என்றால் நாம் என்ன செய்வது? நம்பினால் ஏமாளி. நம்பாவிட்டால், அவன் பொய்யன் என்று சொன்னதை நம்பியவர்களாகிறோம். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டுத்தான் கதை தொடங்குகிறது. சிறுகதை ஒரே விளைவை நோக்கி ஒவ்வொரு சொல்லையும் செலுத்த வேண்டும் என்று 1842-இல் போ எழுதினார். அந்த அளவுகோலின்படி திகில் கதையின் தொடக்கத்தில் நகைச்சுவை குற்றம். ஆனால் இங்கே அந்தச் சிரிப்பினால்தான் பின்னால் வரும் அச்சம் நமக்கும் தொற்றுகிறது. எதையும் கிண்டல் செய்யும் அறிவாளி ஒருவன், வாசலில் நிற்கும் பெண்ணின் சிரிப்பைக் கண்டு உள்ளுக்குள் உறைகிறான். அவனது பகுத்தறிவு அவனோடு கூட வந்து துணை நிற்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் இசக்கியும் சுடலைமாடனும் சாதாரணமாகப் புழங்கும் உலகத்தில் வேர்கொண்டவர் புதுமைப்பித்தன். நம்பிக்கை போனபின்பும் பயம் போவதில்லை என்ற நிலை அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம் உண்டு. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காஞ்சனை செய்யும் வேலைகளில் முக்கியமானது கதை சொல்வது. கதையை விற்றுப் பிழைப்பவனின் வீட்டில், அவன் மனைவி இன்னொருத்தியின் கதையில் மயங்கிக் கிடக்கிறாள். காஞ்சனை அவனுக்குத் தொழில்போட்டி. ஊர்ப் பெண்கள் வேலைகளுக்கு நடுவே வாய்வழியாகச் சொல்லிவந்த கதைக்கும் பத்திரிகையில் அச்சாகும் கதைக்கும் இடையே ஓசைப்படாமல் ஒரு போட்டி நடக்கிறது. வென்றது எது என்பதில் ஐயமில்லை. இதையும் கோதிக் கூறு என்று குறிப்பேட்டில் எழுத முடியாது. ஆனால் இதை விட்டுவிட்டால் கதையில் ஒரு பேய் மட்டும்தான் மிஞ்சும்.

வேலைக்காரி

காஞ்சனம் என்றால் பொன். பிச்சைக்காரிக்குப் பொன் என்று பெயர். பேய் என்ற முடிவுக்கு வாசகர் வருவதற்கு முன்னால் அவள் யாராக நமக்குக் காட்டப்படுகிறாள்? வாசலில் சோற்றுக்கு நிற்பவளாக, பிறகு வேலைக்காரியாக. கொருக்குப்பேட்டையில் கல்லூரி மாணவர்கள் சிலரோடு இக்கதையை வாசித்தபோது, வீட்டு வேலைக்குப் போகும் தாயின் மகளான மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இங்கே சொல்லத் தக்கது. புதிதாக வேலைக்குச் சேரும் எந்தப் பெண்ணையும் முதல் வாரம் இப்படித்தானே பார்ப்பார்கள், இதில் பேய் எங்கே இருக்கிறது என்றார் அவர்.

கேள்வி கதையை அப்படியே திருப்பிப் போட்டுவிடுகிறது. கதைசொல்லியின் அச்சத்தை மீண்டும் வாசித்தால், அவள் பிச்சைக்காரிக்கு உரிய பணிவோடு நிற்கவில்லை என்பதும், நேராகப் பார்க்கிறாள், சிரிக்கிறாள் என்பதும் அவன் அச்சத்துக்கு வித்தாக இருப்பது தெரியும். ஐரோப்பியக் கோதிக்கில் அச்சம் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது: பிரபு, கோட்டை, குலம். டிராகுலா பிரபு. கார்மில்லா பிரபுக் குலத்துப் பெண். புதுமைப்பித்தனிடம் அச்சம் தெருவிலிருந்து வருகிறது. வாடகைக்கும் அரிசிக்கும் கணக்குப் பார்க்கும் நடுத்தர வர்க்கத்துக்குத் தனக்குக் கீழே இருப்பவரிடம் உள்ள அச்சம் அது. 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதலுக்குப் பயந்து சென்னையே பாதி காலியானது; இருட்டடிப்பு இரவுகள் பழகிப்போயின. இந்தக் கதையை முதலில் வாசித்தவர்கள் அந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள். போரைப் பற்றிய கதை அல்ல இது. என்றாலும், இரவில் விழித்திருந்து வெளியே எந்தச் சத்தம் என்று காது கொடுப்பது அப்போது எழுத்தாளர்களின் தனிப் பழக்கமாக மட்டும் இருந்திருக்காது.

அந்த மாணவியின் வாசிப்பு முழுவதையும் ஏற்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். கழுத்தில் இருக்கும் ரத்தத் துளிக்கு வர்க்க அச்சம் மட்டும் விடை சொல்லாது. நாற்றத்தை மனைவியும் உணர்ந்தாள் என்பதற்கும் சொல்லாது. ஆனால் இந்த வாசிப்பைச் சேர்க்காமல் எழுதப்படும் ‘கோதிக் கூறுகள்’ கட்டுரை, காஞ்சனையைக் கதைசொல்லியின் கண்ணால் மட்டும் பார்த்து எழுதியதாகிவிடும்.

தயக்கம்

பல்கேரியாவில் பிறந்து பிரெஞ்சு மொழியில் எழுதிய ஸ்வெதான் தொதொரோவ் 1970-இல் வெளியிட்ட நூலில், இயற்கை விளக்கத்துக்கும் இயற்கை மீறிய விளக்கத்துக்கும் நடுவே வாசகர் தயங்கி நிற்கும் நேரமே இவ்வகைக் கதையின் அடிப்படை என்றார். ஏதாவது ஒரு விளக்கம் உறுதியானவுடன் கதை வேறு வகைக்குப் போய்விடும். இக்கதையின் கடைசிப் பகுதி இதற்கு நல்ல பாடம். பரதேசி வந்தான், பேசினான், போனான் என்பது வரை அதை மனமயக்கம் என்று தள்ளலாம். ஆனால் கதைசொல்லியின் கையில் திருநீறு இருக்கிறது. பெயர் சொல்லாமலே பரதேசிக்குக் காஞ்சனையைத் தெரிந்திருக்கிறது. தயக்கம் தீரவில்லை; கெட்டிப்படுகிறது.

திருநீறு பேயை விரட்டிவிட்டது, ஆகவே கதை பக்தியில் முடிகிறது என்று சிலர் எழுதுவதுண்டு. தொடக்கத்தில் கடவுளையும் உலகம் ஒப்புக்கொண்ட பொய்களில் ஒன்றாக வைத்தவன் கையில்தான் அந்தத் திருநீறு வந்து சேர்கிறது. அவன் அதைப் பூசிவிட்டு நிம்மதியாகத் தூங்கவில்லை. விடியும்வரை குழம்புகிறான்.

கடைசிக் காட்சியில் மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவளை எழுப்ப வேண்டாம் என்பதும் பரதேசி சொல்வதில் ஒன்று. காஞ்சனையை உள்ளே விட்டவள் அவள், அவளோடு பழகியவள் அவள், கடிபட்டவளும் அவளே. காஞ்சனையை அனுப்பிவைக்கும் ஏற்பாடு மட்டும் இரண்டு ஆண்களுக்குள், அவள் தூக்கத்தில் இருக்கும்போது முடிந்துவிடுகிறது. காஞ்சனை சொன்ன கதைகள் எங்கே போயின என்று காலையில் அவள் கேட்டிருக்கலாம். புதுமைப்பித்தன் அந்தக் காலையை எழுதவில்லை.

புதுமைப்பித்தனின் ‘செவ்வாய் தோஷம்’, ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘வேதாளம் சொன்ன கதை’ ஆகியவற்றையும் இதனோடு சேர்த்து வாசிக்கலாம். கடைசியாகச் சொன்னது முழுக்கவே கிண்டல். அதில் திகிலைத் தேட வேண்டாம். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-இல் காலச்சுவடு வெளியிட்ட ‘புதுமைப்பித்தன் கதைகள்’ தொகுப்பில் கதைகள் கால வரிசையில் இருப்பதால், பேயை அவர் எப்போது சிரிக்க எழுதினார், எப்போது அஞ்ச எழுதினார் என்று ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.